பின் சீட்டின் இடது ஓரம்

அவருக்கு எர்த்து என்று பெயர் வைத்தவர் பக்கத்து டயர்க் கடைக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று வங்கியில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பார்.

கார்களில் பாட்டின் ஒலியைக் கூட்டும் ஆம்பிளிஃபயரும், அடிச் சத்தத்தை அதிர வைக்கும் சப்வூஃபர் பெட்டியும் மாட்டுவது அவர் தொழில். மாட்டியது பாடவில்லை என்றால் பாட வைப்பதும் அவர்தான். வருகிறவர் குறையைச் சொல்லி முடிப்பதற்குள், "எர்த்து சரியில்ல" என்று சொல்லிவிடுவார். பேட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் ஆம்பிளிஃபயருக்குள் போய் வேலையைப் பார்த்துவிட்டு, வண்டியின் இரும்பு உடம்பு வழியாக வீடு திரும்பியாக வேண்டும். அந்தத் திரும்பும் வழிதான் எர்த்து. போகிற வழிக்கு விரல் தடிமனில் கம்பி இழுக்கிறவர்கள், வருகிற வழிக்குப் பெயின்ட்டின் மேலேயே ஒரு திருகை முடுக்கிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள் என்பது அவருடைய நெடுநாள் வருத்தம். அவர் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அவரைக் கெடுத்ததும் அதுதான்.

வீட்டிலும் அதே பேச்சு. மனைவிக்குத் தலைவலி என்றாலும், குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தாலும், உறவில் யாரோ இருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், எங்கோ எர்த்து விட்டிருக்கிறது என்பார். மருந்துக் கடையில் நாளெல்லாம் நின்று வேலை பார்த்துவிட்டு வரும் மனைவி, "உங்களுக்குத்தான் எங்கயோ விட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு மாத்திரையை விழுங்குவாள்.

கடை மிகக் குறுகல். ஒரு பக்கம் டயர்க் கடை, மறுபக்கம் ஜெராக்ஸ் கடை. வண்டியைப் பின்புறமாக விட்டால் பாதி உள்ளே போகும், மீதி தெருவில் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே போன பாதியின் கதவுகளைத் திறக்க இடமில்லை. டிக்கி வழியாக நுழைந்து டிக்கி வழியாகவே வெளியே வருவார். வெயிலில் நிற்கும் வண்டிக்குள்ளிருந்து வேர்த்து வழிய ஒரு மனிதர் கால் முதலில் வெளியே வருவதைப் பார்த்துப் புதியவர்கள் பதறுவார்கள். தெருக்காரர்களுக்குப் பழகிவிட்டது.

வேலைக்கு ஒரு முறை வைத்திருந்தார். முதலில் பின் சீட்டைக் கழற்ற வேண்டும். குறை எதுவானாலும் சரி, அது கழன்று நடைபாதைக்கு வந்த பிறகுதான் மற்றது. வண்டிக்காரர் அதன் மேலேயே உட்கார்ந்து காத்திருப்பார். தன் வண்டியின் பின் சீட்டில், தெருவில், வண்டி இல்லாமல் உட்கார்ந்திருக்கும் ஆட்களைக் கொண்டே கடையில் வேலை நடக்கிறதா என்று டயர்க் கடைக்காரர் தெரிந்துகொள்வார்.

பாட்டு என்று எதையும் அவர் கேட்டதில்லை. எந்தப் பாட்டில் அடி எவ்வளவு ஆழம் இறங்கும் என்பது மட்டும் தெரியும். பாடியது ஆணா பெண்ணா என்று கேட்டால் யோசிப்பார்.

சொந்த வண்டி ஒன்று வாங்கினார். யாரோ ஓட்டித் தேய்த்தது. அதற்கு மாட்டிய பெட்டியை விட, போட்ட எர்த்துதான் அவருக்குப் பெருமை. பின் சீட்டுக்கு அடியில் இடது ஓரத்தில் தகடு இரண்டு மடங்காக இருக்கும் இடத்தைத் தட்டித் தட்டிக் கண்டுபிடித்து, துளை போட்டு, பெயின்ட்டைச் சுரண்டி வெள்ளியாக்கி, விரல் நீளத்துக்கு ஒரு போல்ட்டைக் கீழிருந்து மேலாக ஏற்றி, பல் வைத்த வாஷரும் இரண்டு நட்டும் போட்டு இறுக்கி, மேல் முனையில் ஒரு ரப்பர் தொப்பியும் மாட்டினார். முன் சீட்டுக்கு அடியில் வைத்த ஆம்பிளிஃபயரிலிருந்து சப்வூஃபருக்குப் போகும் ஸ்பீக்கர் கம்பியை, அந்தப் போல்ட்டை ஒட்டிக் கறுப்பு வலையுறைக்குள் விட்டு டிக்கிக்குக் கொண்டுபோனார். வீட்டுக்கு யாராவது வந்தால் வாசலுக்குக் கூட்டிப் போய்ச் சீட்டைத் தூக்கி அந்தப் போல்ட்டைக் காட்டுவார். மற்றவர்கள் கல்யாண ஆல்பத்தைக் காட்டுவார்கள் என்று மனைவி முணுமுணுப்பாள்.

அந்தச் சமயத்தில் மாமியார் வந்து சேர்ந்தார்.

லாரி எடைமேடையில் சீட்டு எழுதி ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் எடையைச் சொன்னவர். தன் எடையைப் பற்றி யாரும் பேசி அவருக்குப் பழக்கமில்லை. கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த கைப்பை. இளைய மகளுக்குப் பேறுகாலம் நெருங்கியிருந்தது. அவள் வெளியூரில் இருந்தாள். செய்தி வந்ததும் ஒன்றாகப் போகலாம் என்று பெரிய மகள் வீட்டில் தங்கினார்.

மாமியாரை முதல்முறை வண்டியில் ஏற்றிக் கண் மருத்துவரிடம் கூட்டிப் போகும்போது, எர்த்து தன் திறமையைக் காட்ட ஆசைப்பட்டார். அடி நன்றாக இறங்கும் பாட்டாகப் பார்த்து வைத்திருந்தார். மாமியார் பின் சீட்டில் ஏறி, கைப்பைக்கு நடு இடத்தைக் கொடுத்து, இடது ஓரமாகச் சாய்ந்து, மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பாட்டைப் போட்டதும் பெட்டி 'டம்' என்று ஒரு தடவை சொன்னது. அதோடு சரி. ஆம்பிளிஃபயரில் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிந்தது. உள்ளே எங்கோ ஆபத்து என்று பட்டால் ஆம்பிளிஃபயர் தன்னைக் காத்துக்கொள்ள வாயை மூடிவிடும். அதன் அடையாளம் சிவப்பு.

மாமியார் இறங்கினார், பச்சை வந்தது. திரும்பி வரும்போது ஏறினார், சிவப்பு. மனைவி மட்டும் முன் சீட்டில் இருந்தால் வழி முழுக்கப் பச்சை. அந்த வாரம் முழுவதும் இதே கதை.

இரவுச் சாப்பாட்டின்போது எர்த்து வாயை விட்டார். வாடிக்கையாளரிடம் சொல்லும் அதே குரலில், ஒளிவு மறைவில்லாமல் சொன்னார்.

"அத்தை ஏறினாதான் பாக்ஸ் நிக்குது."

மாமியாரின் கை தட்டிலேயே நின்றது. எத்தனை முறை அப்படி நடந்தது என்று கேட்டார். ஏறின எல்லா முறையும் என்றார் மருமகன். பிறகு, சொன்னது கொஞ்சம் முரட்டுத்தனமாகப் போய்விட்டதோ என்று தோன்றி, அதைத் தணிக்கும் எண்ணத்தில், அத்தை மேல் தப்பில்லை, எடையாகக்கூட இருக்கலாம் என்றார். மனைவி தண்ணீர்க் குவளையை அவர் முன்னால் வைத்த சத்தம், அவருடைய பெட்டி எழுப்பும் எந்தச் சத்தத்துக்கும் குறைந்ததாக இல்லை.

மறுநாள் வண்டியைக் கடையில் விட்டு, சீட்டைக் கழற்றி நடைபாதையில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். ஃபியூஸ் சரி. பேட்டரி சரி. சப்வூஃபரின் மின்தடைக்கான ஓம் கணக்கு சரி. ஸ்பீக்கர் கம்பி வண்டி உடம்பில் எங்காவது தொடுகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தார், தொடவில்லை. கடைசியாக எர்த்தை அளந்தார். தடையே இல்லை என்று மீட்டர் சுத்தமாகப் பூஜ்யம் காட்டியது. அதைப் பார்த்து அந்த நிலையிலும் சிரித்துக்கொண்டார். ஆனால் அவர் தொழிலில், எல்லாம் சரியாக இருக்கிறது என்பதைப் போன்ற கெட்ட செய்தி வேறு கிடையாது. ஆம்பிளிஃபயரையே மாற்றி வேறொன்றை மாட்டி, சீட்டைப் போட்டு, மனைவியை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றினார். பச்சை. மாமியாரிடம் போய், சரியாகிவிட்டது, இன்னொரு தடவை ஏறிப் பாருங்கள் என்று கெஞ்சினார். மனைவியும் சொன்ன பிறகு அவர் பெரிய மனது பண்ணி வந்தார். வாசலில், எதிர்வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே பார்த்திருக்க, ஏறி உட்கார்ந்தார்.

டம். சிவப்பு.

மாமியார் இறங்கினார். எதிர்வீட்டுக்காரர் செடியை விட்டுவிட்டுத் தன் செருப்புக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே செய்தி வந்தது. இளையவளுக்குப் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போய்ப் பார்ப்பது என்று முடிவானது. மாமியார் தான் பஸ்ஸில் வருவதாகச் சொன்னார். பஸ்ஸில் ஆயிரம் பேர் ஏறுகிறார்கள், அது யாரையும் பார்த்து நிற்பதில்லை என்றார். மனைவி அடுக்களையிலிருந்து வந்து கணவன் முன்னால் நின்றாள்.

"எங்க அம்மா பஸ்ல போனா நானும் பஸ்லதான் போவேன். நீங்க உங்க பாக்ஸக் கூட்டிட்டு வாங்க. பொறந்த புள்ளைக்குப் பெரியப்பா வந்திருக்காருன்னு அது சொல்லட்டும்."

பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் வண்டியில் போகலாமே என்று அவர் மெல்லச் சொல்லிப் பார்த்தார். மனைவி அதையும் அடித்துவிட்டாள். அப்படிப் போனால் அம்மா ஏறுவதற்காகப் பெட்டியை இறக்கினோம் என்று ஆகும், அது முன்னதைவிடக் கேவலம் என்றாள். குறை அம்மாவிடம் இல்லை என்று அம்மாவே நம்ப வேண்டும். அதுவரை அந்த வண்டியில் யாரும் ஏறப்போவதில்லை.

அடுத்த நாள் எர்த்து டயர்க் கடைக்காரரை வண்டியில் உட்கார வைத்தார். மாமியாரை விட அவர் கொஞ்சம் கனம், குறைச்சல் இல்லை. தேநீர்க் குவளையோடு ஏறி, பின் சீட்டின் நட்ட நடுவில் காலை அகட்டி உட்கார்ந்து, பாட்டுக்குத் தலையாட்டினார். பச்சை. போதாதென்று மடியில் ஒரு பழைய பேட்டரியைத் தூக்கி வைத்தார் எர்த்து. அப்போதும் பச்சை. "அப்ப எடை இல்லப்பா" என்றார் டயர்க் கடைக்காரர், பேட்டரிக்கு மேலாக எட்டிப் பார்த்து. "உங்க அத்தையப் பாத்து அது பயப்படுது. நானே பயப்படுவேன்."

இரவு மனைவியிடம் இதை ஒப்பித்தபோது, டயர்க் கடைக்காரர் கடைசியில் சொன்னதை விட்டுவிட்டார். உள்ளறையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. இரண்டு நாளில் மருமகனிடம் அவர் பேசியது அதுதான் முதல்முறை.

"அவர் எங்க உக்காந்தாரு?"

"நடுவுல, அத்தை."

"சக்கரம் எங்க நிக்குதுன்னு பாக்காம எடை போட்டா சரியா வருமா? மேடையில ஒரு ஓரமா லாரிய நிறுத்திட்டு எடை குறைஞ்சுதுன்னு எத்தனை பேர் என்கிட்ட வந்திருக்கான். நான் எங்க உக்காந்தேன்னு யாராவது பாத்தீங்களா?"

யாரும் பார்த்திருக்கவில்லை. நாளைக்கே டயர்க் கடைக்காரரை இடது ஓரத்தில் உட்கார வைக்கிறேன் என்றார் மருமகன். வேண்டாம், குறை தன் மேல் சொல்லப்பட்டது, சோதனையும் தன்னை வைத்தே நடக்கட்டும் என்று மாமியார் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலை கைப்பையோடு கடைக்கு வந்தார். அன்று வண்டியைக் கடைக்குள் விடாமல், மாமியார் கதவு வழியாக மரியாதையாக ஏறுவதற்காகத் தெருவிலேயே நிறுத்தியிருந்தார் எர்த்து. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து முதன்முறையாகப் பின் சீட்டைக் கழற்றாமல் வேலையை ஆரம்பித்தார். பாட்டுப் போடவில்லை. ஆம்பிளிஃபயரிலிருந்து ஸ்பீக்கர் கம்பியை அவிழ்த்து, மீட்டரின் ஒரு முனையை அதிலும் மறுமுனையை வண்டி இரும்பிலும் மாட்டினார். கம்பி எங்காவது இரும்பைத் தொட்டால் மீட்டர் கத்தும். மாமியார் ஏறி, கைப்பையை நடுவில் வைத்து, இடது ஓரம் சாய்ந்து, கைப்பிடியைப் பிடித்தார்.

மீட்டர் வீலென்று கத்தியது.

"மாப்பிள்ள, அது என்னைப் பாத்தா கத்துது?"

"இல்ல அத்தை. அப்படியே அசையாம இருங்க."

தரையில் மண்டியிட்டு, சீட்டின் முன்விளிம்புக்கு அடியில் கையை நுழைத்தார். மாமியாரின் பாரத்தில் சீட்டின் கம்பிச் சட்டம் நன்றாக இறங்கியிருந்தது. தோள்வரை தரையோடு ஒட்டினால்தான் விரல் எட்டியது. முதலில் வலையுறை தட்டுப்பட்டது. அதற்குக் கீழே ரப்பர் தொப்பி. தொப்பியின் உச்சி கிழிந்து, உள்ளிருந்து கூராக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. விரல் அதற்கும் சட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. வலி உச்சந்தலைக்கு ஏறியது. எழுந்திருங்கள் அத்தை என்று சொல்லலாம். அந்த வாரத்தில் அந்த வார்த்தையை அவரால் சொல்ல முடியாது.

அது அவருடைய போல்ட். சட்டம் இறங்கும்போது கம்பியைப் போல்ட்டின் மேல் அழுத்துகிறது. போல்ட் உறையைத் துளைத்துக் கம்பியைத் தொடுகிறது. அவர் ஒவ்வொரு தடவையும் சீட்டைக் கழற்றி நடைபாதையில் போட்டுவிட்டுத்தான் தேடினார். சீட்டோடு சேர்ந்து குறையும் நடைபாதைக்குப் போயிருக்கிறது. அந்த எர்த்தை மட்டும் அளந்தாரே தவிரச் சந்தேகப்படவில்லை.

தெருவில் டயர்க் கடைக்காரர் குவளையோடு வந்து நின்றிருந்தார். "என்னப்பா, எர்த்து சரியில்லையா?" என்றார், வழக்கமான கிண்டலாக.

சீட்டு அமுங்குது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொய்யும் இல்லை. மாமியார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாலதானா, மாப்பிள்ள?"

"இல்ல அத்தை. நான் போட்ட போல்ட்டு. தேவைக்கு மேல நீளம். என் தப்புதான்." பிறகு, சொல்ல வேண்டியதற்கு மேல் ஒரு வரி சொன்னார். "யாரு அங்க உக்காந்தாலும் இதேதான்."

டயர்க் கடைக்காரர் தேநீரைக் குடிக்க மறந்தார். மாமியார் இறங்கினார். எடைமேடையில் உட்கார்ந்த காலத்தில் ஒரு தடவை காட்டிய எண்ணை நம்பிச் சீட்டுக் கிழித்தவர் இல்லை அவர். மீட்டர் அமைதியானதைக் கவனித்துவிட்டு, டயர்க் கடைக்காரரைப் பார்த்து, "நீங்க ஏறுங்க தம்பி. நடுவுல இல்ல. ஓரமா" என்றார். அவர் ஏறினார். மீட்டர் கத்தியது. மாமியார் முகத்தில் சில நாளாகக் காணாமல் போயிருந்த ஏதோ ஒன்று திரும்பி வந்தது.

அவர் அதோடு விட்டிருக்கலாம். யார் உட்கார்ந்தாலும் என்று மருமகன் சொன்னாரே, அதுதான் வினையானது. ஜெராக்ஸ் கடையில் ஒரு பெண் வேலை பார்த்தாள். அவள் கடையில் இருக்கிறாளா இல்லையா என்பதே பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது. சத்தம் கேட்டு அவள் வாசலுக்கு வந்திருந்தாள். மாமியார் அவளைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

எர்த்து தரையிலிருந்தே அவளைப் பார்த்தார். இந்தப் பெண் உட்கார்ந்தால் சீட்டுக்கே தெரியாது. சட்டம் எப்படி இறங்கும்? கையை இன்னும் வெளியே எடுக்காமல், உள்ளே கம்பியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று யாரும் கேட்காமலே சொன்னார். அவள் கையில் இருந்த காகிதக் கட்டோடு வந்து, மாமியார் காட்டிய இடத்தில், காட்டியபடியே சாய்ந்து உட்கார்ந்தாள்.

மீட்டர் மூச்சு விடவில்லை.

தெருவில் ஒரு ஸ்கூட்டர் போனது. டயர்க் கடைக்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். எர்த்து சீட்டுக்கு அடியில், ஏற்கெனவே நசுங்கியிருந்த அதே விரலால், வலையுறையைப் பிடித்துப் போல்ட் முனையின் மேல் வைத்து அழுத்தினார். இத்தனை வருடத் தொழிலில் மீட்டரைப் பொய் சொல்ல வைத்ததில்லை. அது கத்தியது. அவர் அழுத்திக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் தன் உடம்பை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டு, கொஞ்சம் பெருமையாக, "என்னைக்கூடவா?" என்றாள்.

"எல்லாரையும்தான்மா" என்றார் மாமியார்.

அவள் இறங்கிய பிறகும் மீட்டர் அரை நொடி கத்தியது. விரலை எடுக்க அவ்வளவு நேரமாகிவிட்டது. மாமியார் மீட்டரைப் பார்த்தார். பிறகு தரையோடு தரையாகக் கிடந்த மருமகனின் தோளைப் பார்த்தார். எடையைத் தப்பாகக் காட்ட மேடையின் ஓரத்தில் ஒரு சக்கரத்தை நிறுத்தும் ஆட்களை நாளெல்லாம் பார்த்துப் பழகிய கண்.

"கையை எடுங்க மாப்பிள்ள" என்றார். "வலிக்கப்போவுது."

கைப்பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரப் பயணம். மாமியார் பின் சீட்டின் இடது ஓரத்தில்தான் உட்கார்ந்தார். மருமகன் பாட்டுப் போடத் தயங்கினார். போடுங்க என்றார் மாமியார். வழி முழுக்கப் பச்சை. பாதி வழியில் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். பிறகு நிறுத்தவே சொன்னார். பெட்டி வேலை செய்தும் சத்தமில்லாமல் போவதில் அப்படி ஒரு நிம்மதி இருக்கும் என்று எர்த்து நினைத்ததில்லை.

இளையவள் வீட்டில் குழந்தையைப் பார்க்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். குழந்தை தூங்கியது. வந்தவர்களுக்குச் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. மாமியார் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஆரம்பத்திலிருந்து சொன்னார். பெட்டி நின்றது, தன் மேல் பழி வந்தது, தான் போய்ச் சோதனை பண்ணியது, கடைசியில் மருமகன் போட்ட போல்ட் நீளம் என்று தெரிந்தது. ஜெராக்ஸ் கடைப் பெண் வரும் இடத்தில் சுண்டுவிரலை உயர்த்திக் காட்டினார். "இவ்வளவுதான் இருப்பா. அவ உக்காந்ததுக்கே கத்துது." கூட்டம் நம்பாமல் பார்க்கும்போது வாசல் பக்கம் திரும்பி, மாப்பிள்ள என்று குரல் கொடுப்பார்.

எர்த்து உள்ளே வந்து நிற்பார். ஆமா, அத்தை சொல்றது சரிதான், என் தப்பு என்பார். விரலில் போட்டிருந்த கட்டைப் பார்த்து யாராவது விசாரித்தால், வேலையில் பட்டது என்பார். மனைவி தங்கைக்குப் பின்னால் நின்று முகத்தை மறைத்துச் சிரித்தாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

சாயங்காலம் வந்தவர்களில் ஒரு பெரியவர் விவரம் கேட்கும் ஆள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒரு மனிதர் உட்கார்ந்து சீட்டுச் சட்டம் அமுங்கினால்தானே தொடும், அவ்வளவு ஒல்லியான பெண்ணுக்கு அது எப்படி அமுங்கும் என்று கேட்டார். மாமியார் குழந்தையின் துணியைச் சரிசெய்வதில் மும்முரமாகிவிட்டார்.

எர்த்து முந்திக்கொண்டார். பழைய வண்டி, சீட்டு ஸ்பிரிங் தளர்ந்துபோய்விட்டது, காகிதக் கட்டு வேறு கையில் வைத்திருந்தாள் என்றார். பெரியவர், வண்டி வாசலில்தானே இருக்கிறது, தானே உட்கார்ந்து பார்க்கலாமா என்று எழுந்தார். அவரும் ஒல்லிதான்.

"அந்தப் போல்ட்டை நேத்தே அறுத்துட்டேங்க" என்றார் எர்த்து.

பெரியவர் ஏமாற்றத்தோடு உட்கார்ந்தார். மாமியார் நிமிர்ந்து, மருமகனுக்கு முதலில் தேநீர் கொடுக்கும்படி இளைய மகளின் வீட்டுக்காரரிடம் சொன்னார்.